தலையசைப்புக்கு எல்லா நாடுகளிலும் ஒரே பொருள்தானா?

தலையை மேலும் கீழும் அசைத்தால் 'ஆம்', பக்கவாட்டில் அசைத்தால் 'இல்லை' என்பது உலகம் முழுவதற்கும் பொதுவானதா என்று கேட்டிருக்கிறீர்கள். பொதுவானதன்று. உலகின் பெரும்பகுதியில் வழக்கம் அதுதான் என்றாலும், அதற்கு மாறான வழக்கம் பல்கேரியா, கிரேக்கம், துருக்கி, தென் இத்தாலி ஆகிய இடங்களில் வேரூன்றி இருக்கிறது. நம் ஊர்த் தலையாட்டலோ இந்த இரண்டு பிரிவுகளுக்குள்ளும் அடங்குவதில்லை.

இவற்றுள் அதிகம் பேசப்படுவது பல்கேரியாதான். அங்கே இசைவு தெரிவிப்பவர் தலையைப் பக்கவாட்டில் ஆட்டுகிறார். மறுப்பவர் தலையை மேல்நோக்கி வெட்டி இழுக்கிறார். அந்த வெட்டு முடிந்து தலை பழைய நிலைக்குத் திரும்புவது, அயலாருக்கு ஆமோதிப்பதைப் போலவே தோன்றும். 1877-78 ருசிய-துருக்கியப் போரின்போது பல்கேரிய மண்ணுக்கு வந்த ருசியப் படைவீரர்கள் இதில் சிக்கித் தவித்ததை மொழியியல் அறிஞர் ரோமன் யாகப்சன் குறிப்பிட்டிருக்கிறார். குழப்பம் வேண்டாமே என்று ருசியர் பல்கேரிய முறைக்கு மாறிக்கொண்டாலும், எதிரில் இருக்கும் பல்கேரியருக்கு, இவர் இப்போது தம் வழக்கப்படி அசைக்கிறாரா, நம் வழக்கப்படி அசைக்கிறாரா என்ற ஐயம் எழுந்துவிடும். விட்டுக்கொடுக்கும் நல்லெண்ணமே குழப்பத்தை இரட்டிப்பாக்கிய இந்தச் செய்தியைத்தான், சைகைகளைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யச் சொல்லும் பயணக் கையேடுகளுக்கு நான் எப்போதும் பதிலாகச் சொல்வேன்.

கிரேக்கத்தில் மறுப்பு என்பது தலையை மேலே தூக்குவது. புருவமும் உடன் உயரும், கண்கள் பாதி மூடும், சில வேளைகளில் நாக்கு 'த்ச்' என்று ஒலிக்கும். அவசரமாக இருந்தால் புருவம் மட்டுமே போதும். இவ்வழக்கம் மிகப் பழையது. பண்டைய கிரேக்கக் காவியமான இலியட்டில் திராய் நகரத்துப் பெண்களின் வேண்டுதலை ஏற்காத பெண்தெய்வம் அதீனா தலையை மேல்நோக்கி அசைப்பதாகவும், கடல் தேவதை தெதிஸின் கோரிக்கைக்கு இணங்கும் தலைமைக் கடவுள் சீயஸ் தலையைக் கீழ்நோக்கி அசைப்பதாகவும் வருகிறது. இத்தாலியில் ரோமும் அதற்கு வடக்கேயுள்ள ஊர்களும் தலையைப் பக்கவாட்டில் ஆட்டி மறுக்க, நேப்பிள்ஸும் அதற்குத் தெற்கேயுள்ள ஊர்களும் தலையைத் தூக்கி மறுக்கின்றன. தென்பகுதியில் பண்டைக் காலத்தில் கிரேக்கர் குடியேறியதே இதற்குக் காரணம் என்பது மனிதச் சைகைகளை ஆராய்ந்த டெஸ்மண்ட் மோரிஸ் தரும் விளக்கம். அவர்கள் பேசிய மொழி பெரும்பாலும் மறைந்துவிட்ட நிலத்தில் அவர்களுடைய கழுத்தசைவு மட்டும் தங்கிவிட்டது என்றால், சைகை எவ்வளவு பிடிவாதமானது என்று எண்ணிப் பாருங்கள். கிரேக்கருக்கு நேர்மாறாக, பிலிப்பைன்ஸில் புருவத்தை உயர்த்தினால் 'ஆம்' என்று பொருள்.

இதெல்லாம் இயற்கையாக அமைந்ததா, கற்றுக்கொண்டதா என்பதைச் சார்லஸ் டார்வின் 1872-இல் வெளிவந்த தம் நூலில் ஆராய்ந்திருக்கிறார். பால் வேண்டாத குழந்தை முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொள்கிறது, வேண்டுமென்றால் தலையை முன்னே சாய்க்கிறது, அதிலிருந்தே இவ்விரு அசைவுகளும் பிறந்திருக்கலாம் என்பது அவருடைய கருத்து. கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் முகத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வதும் உணவை மறுக்கும் வழிதானே? அப்படியானால் கிரேக்கரின் மறுப்பும் அதே தொட்டிலில்தான் பிறந்திருக்க வேண்டும். எல்லாவற்றையும் விளக்கிவிடும் விளக்கத்தை நான் முழுமையாக ஏற்பதில்லை.

இனி நம் தலையாட்டலுக்கு வருவோம். திருப்பூரில் ஆடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் மெர்ச்சண்டைசராக, அதாவது ஆர்டர்களைக் கவனிப்பவராகப் பணியாற்றுவதால், ஆடை வாங்க வரும் வெளிநாட்டு பையர்கள் நம்மைப் பார்த்து விழிப்பதை அடிக்கடி காண்கிறேன். ஐரோப்பாவிலிருந்து வந்தவர் 'இருபதாம் தேதி ஷிப்மெண்ட் போய்விடுமா?' என்று கேட்க, புரொடக்‌ஷன் மேனேஜர் தலையை இரு தோள்களுக்கும் இடையே மெல்லச் சாய்த்து ஆட்டுகிறார். வந்தவர் அதை மறுப்பு என்றோ, உறுதிமொழி என்றோ குறித்துக்கொள்கிறார். மேனேஜரோ 'நீங்கள் சொல்வது காதில் விழுகிறது, பார்க்கலாம்' என்பதற்கு மேல் எதையும் சொல்லவில்லை. நமக்குள் இது குழப்பமே தருவதில்லை. ஆட்டத்தின் வேகம், கண் எங்கே பார்க்கிறது, உதட்டில் சிரிப்பு உண்டா, 'ம்' என்ற ஒலி நீள்கிறதா, குறுகுகிறதா என்று எல்லாவற்றையும் சேர்த்தே படித்துவிடுகிறோம். கச்சேரியில் நல்ல சங்கதி விழும்போது ஆடும் தலையும், பேருந்தில் சில்லறை பாக்கியைப் பிறகு தருகிறேன் என்ற நடத்துநருக்குச் சம்மதம் சொல்லி ஆடும் தலையும், பெரியவர்கள் அறிவுரை சொல்லும்போது பூம்பூம் மாடு போல ஆடும் தலையும் ஏறக்குறைய ஒரே அசைவுதான்; பொருளை நாம் ஒருபோதும் மாற்றி எடுத்துக்கொள்வதில்லை. ஒலிகளும் இப்படியே. துருக்கியரும் கிரேக்கரும் மறுப்பதற்கு எழுப்பும் நாக்கொலிக்கு மிக நெருங்கிய ஒன்றை நாம் துயரச் செய்தி கேட்டு உச்சுக்கொட்டப் பயன்படுத்துகிறோம்.

ஆகவே நீங்கள் வெளிநாட்டவருடன் பணியாற்றப் போகிறீர்கள் என்றால், அவர்களுடைய சைகைகளை நடிக்க முயல வேண்டாம். அந்த ருசிய வீரர்களின் நிலைதான் ஏற்படும். உங்கள் வழக்கப்படியே அசையுங்கள், ஆனால் வாயாலும் சொல்லிவிடுங்கள். துருக்கியில் நீங்கள் பேசும்போது எதிரிலிருப்பவர் தலையைப் பக்கவாட்டில் ஆட்டினால், அவர் மறுக்கிறார் என்று முடிவு கட்டாமல், சொன்னதை ஒரு முறை திரும்பச் சொல்லிப் பாருங்கள். அங்கே அது 'புரியவில்லை' என்பதாகவும் இருக்கும். ஆம், இல்லை என்று தலையாலேயே பதில் சொல்லிவிடக்கூடிய கேள்விகளைத் தவிர்ப்பது இன்னும் நல்லது. எங்கள் மீட்டிங்குகளில் இப்போது 'இருபதாம் தேதி முடியுமா?' என்று யாரும் கேட்பதில்லை. 'எந்தத் தேதியில் முடியும்?' என்றுதான் கேட்கிறோம், சொன்ன தேதியை அன்று மாலையே மின்னஞ்சலில் எழுதி அனுப்பிவிடுகிறோம்.