பாயில் வருகிற தூக்கம் மெத்தையில் வருவதில்லை

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு 31 வயது. கல்யாணமாகிப் பதினொரு மாதம் ஆகிறது, கோவையில் இருக்கிறோம். பிறந்த வீட்டில் நானும் அக்காவும் தரையில் கோரைப்பாய் விரித்து, மேலே ஒரு பழைய சேலையை மடித்துப் போட்டுப் படுப்போம். தலைக்கு இலவம்பஞ்சுத் தலையணை. இங்கே ஆறுக்கு ஆறு கட்டில், எட்டு அங்குல மெமரி ஃபோம் மெத்தை, புசுபுசுவென்று ஆளுக்கொரு ஃபைபர் தலையணை, ஏ.சி. 20-இல்.

பத்து மணிக்கு விளக்கை அணைத்தால் அவர் ஐந்து நிமிடத்தில் தூங்கிவிடுவார். நான் புரண்டு புரண்டு, போனில் மணி பார்த்துப் பார்த்து, ஒன்றேகாலுக்கு மேல்தான் கண்ணயர்வேன். ஐந்தரைக்கு எழுந்தாக வேண்டும். ஆபீசுக்கு ஸ்கூட்டரில்தான் போகிறேன். சாயங்காலம் ஆறரைக்கு வந்ததும் ஒரு காபி. ஞாயிறு மட்டும் ஒன்பது வரை படுத்துக் கிடப்பேன். அன்று மத்தியானம் ஹால் சோபாவில் சாய்ந்தால் அடுத்த நிமிடம் தூக்கம். அம்மா வீட்டுப் பாயிலும் அப்படியே. இங்கே ராத்திரி ஏழு மணிக்கே, 'இன்றைக்கும் தூக்கம் வராதோ' என்று வயிற்றைப் பிசைகிறது.

ஒருக்களித்துத்தான் படுப்பேன். காலையில் கழுத்து பிடித்துக்கொள்கிறது, தோள் மரத்துப்போகிறது. அம்மா வீட்டிலிருந்து என் பழைய தலையணையைக் கொண்டுவந்தேன். நடுவில் பள்ளம் விழுந்து தட்டையாகிவிட்டது. ஆனாலும் அதைக் கட்டிக்கொண்டால் மனசு அடங்குகிறது. அவர் "குழந்தை மாதிரி" என்று சிரிக்கிறார். போன மாதம் ஒருநாள் கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்தேன். காலையில் அத்தை பார்த்துவிட்டு, "ரெண்டு பேருக்கும் ஏதாச்சும் சண்டையாம்மா?" என்றார். அன்றோடு பாயைச் சுருட்டி வைத்துவிட்டேன்.

இந்த வயதில் ஒரு தலையணைக்கு ஏங்குவது மனநோயா? தனியாகப் பாயில் படுப்பது தவறா? தோழி தூக்க மாத்திரை சொல்கிறாள், போடலாமா?

– ஒரு வாசகி, கோவை

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தில் இரண்டு சிக்கல் பின்னிக் கிடக்கிறது. ஒன்று சாமான் சிக்கல்: தலையணையின் உயரமும் மெத்தையின் குழைவும் உங்கள் உடம்புக்கு ஒத்துவரவில்லை. இன்னொன்று பழக்கச் சிக்கல்: அந்தக் கட்டில் உங்களுக்கு முழித்துக் கிடக்கிற இடமாகிவிட்டது. முதலாவதைச் சரிசெய்தால் இரண்டாவது தானே சரியாகிவிடும் என்று நம்பித்தான் பலரும் மெத்தைக்கு மேல் மெத்தை மாற்றிப் பணத்தை விடுகிறார்கள்.

தலையணை ஏக்கம் நோயில்லை. தாய் பக்கத்தில் இல்லாத நேரத்தில் குழந்தை ஒரு துணியையோ பொம்மையையோ பற்றிக்கொண்டு அமைதியாவதைப் பற்றி, பிரிட்டனின் குழந்தை மருத்துவரும் உளப்பகுப்பாய்வாளருமான டொனால்ட் வின்னிகாட் 1950-களிலேயே எழுதியிருக்கிறார். பெரியவர்களிலும் பலருக்கு அந்த வழக்கம் ஏதோ ஒரு வடிவத்தில் மிஞ்சியிருக்கும். பழகிய வாசனையும் பழகிய கனமும் 'இங்கே பயமில்லை' என்று உடம்புக்குச் சொல்கின்றன. வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் தலைக்கு வேண்டாம், கட்டிக்கொள்ள மட்டும்.

புது இடத்தில் தூக்கம் கலைவது எல்லோருக்கும் உண்டு. முதல் இரவில் மூளையின் ஒரு பாதி மற்றதைவிட விழிப்பாக இருப்பதை அமெரிக்காவின் பிரௌன் பல்கலைக்கழகத்தினர் 2016-இல் பதிவுசெய்தார்கள். அதை வைத்து உங்கள் முதல் சில நாட்களை விளக்கலாம், பதினொரு மாதத்தை விளக்க முடியாது. சோபாவில் ஒரு நிமிடத்தில் தூங்குகிறீர்களே, தூங்கும் திறன் எங்கும் போய்விடவில்லை. தினமும் மூன்றேகால் மணி நேரம் அந்தக் கட்டிலில் கவலையோடு கிடந்ததில், மெத்தையில் முதுகு பட்டதும் மூளை காவலுக்கு எழுந்துவிடக் கற்றுக்கொண்டது. அதை மறக்கடிக்க வேண்டும். தூக்கம் வந்தால் மட்டும் கட்டிலுக்குப் போவது, வராவிட்டால் எழுந்துவிடுவது என்று அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் பூட்சின் 1970-களில் வகுத்த முறை இதற்கென்றே உள்ளது. இன்னொரு அமெரிக்க உளவியலாளர் ஆர்தர் ஸ்பீல்மன் 1987-இல் எழுதிய 'படுக்கை நேரத்தைச் சுருக்கும்' முறையையும் அதோடு சேர்த்துச் செய்வது வழக்கம்.

உங்கள் கணக்கைப் போடுவோம். படுக்கையில் இருப்பது பத்து முதல் ஐந்தரை வரை, ஏழரை மணி நேரம். தூங்குவது நாலேகால். அதாவது நூற்றுக்கு 57 பங்கு. இது 85-க்கு மேல் போக வேண்டும். ஆகவே இனி இரவு 12 மணிக்கு முன் கட்டிலுக்குப் போகாதீர்கள். எழுவது ஐந்தரைக்கு, ஞாயிற்றுக்கிழமையும் ஐந்தரைக்கே. ஒரு வாரச் சராசரியில் 4 மணி 40 நிமிடமாவது (படுக்கையில் இருக்கும் ஐந்தரை மணி நேரத்தில் 85 பங்கு) தூங்கியிருந்தால், அடுத்த வாரம் 11.45-க்குப் படுக்கலாம். இப்படி வாரத்துக்கு 15 நிமிடம் முன்னால் நகர்த்துங்கள். பகலில் அசதி தீர்ந்துபோகிற நேரம் எதுவோ, அங்கே நிறுத்திக்கொள்ளலாம். படுக்கை நேரத்தை ஐந்து மணி நேரத்துக்குக் கீழே மட்டும் யாரும் சுருக்கக் கூடாது.

12 ஆகிவிட்டது என்பதற்காகவும் படுக்காதீர்கள். கண் சொக்க வேண்டும். அலுப்பு வேறு, தூக்கம் வேறு: அலுப்பில் உடம்பு வலிக்கும், தூக்கத்தில் இமை கனக்கும், படித்த வரியையே திரும்பப் படிப்பீர்கள். படுத்து ஏறக்குறைய 20 நிமிடம் ஆனதாகத் தோன்றினால் எழுந்து ஹாலுக்குப் போய்விடுங்கள். மணி பார்த்துக் கணக்கிட வேண்டாம். போன் இரவெல்லாம் ஹாலில் இருக்கட்டும், எழுப்ப ஒரு கடிகாரம் வாங்கி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வையுங்கள். ஹாலில் ஜீரோ வாட்ஸ் பல்பு போதும். துணி மடிக்கலாம், நாளைக்கு வேண்டிய பூண்டை உரிக்கலாம். கண் சொக்கியதும் கட்டிலுக்குத் திரும்புங்கள். ஓரிரவில் நாலைந்து முறை நடந்தாலும் பரவாயில்லை.

சறுக்குகிற இடம் இதுதான்: எழுந்து போய் சோபாவிலோ பாயிலோ படுத்துவிடுவது. அங்கே உடனே தூக்கம் வரும், சுகமாகவும் இருக்கும். கட்டிலோ முழிக்கிற இடமாகவே தங்கிவிடும். அம்மா வீட்டுப் பாய் உங்களுக்கு எதிரி இல்லை. ஆனால் இந்த ஆறேழு வாரத்துக்கு ஹாலில் உட்காருவது மட்டும்தான், படுப்பது கட்டிலில் மட்டும்தான். மத்தியானத் தூக்கமும் கூடாது. தாங்கவே முடியாவிட்டால் மூன்று மணிக்கு முன் 20 நிமிடம். ஆறரைக் காபியை விடுங்கள், அதிலுள்ள காஃபீனில் ஏறக்குறைய பாதி ஐந்தாறு மணி நேரம் கழித்தும் உடம்பில் நிற்கும். மதியத்தோடு காபி போதும்.

முதல் பத்து நாள் இப்போதைவிட மோசமாக இருக்கும். பெரும்பாலோர் நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ கைவிடுவது அதனால்தான். அந்த நாட்களில் ஸ்கூட்டரைத் தொடாதீர்கள், பஸ்ஸில் போங்கள். வலிப்பு நோய், இருதுருவ மனநிலைக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவர் சொல்லாமல் இந்தச் சுருக்கும் முறையைச் செய்யக் கூடாது.

இனி சாமானுக்கு வருவோம். ஒருக்களித்துப் படுப்பவருக்குக் காதுக்கும் படுக்கைக்கும் நடுவே உள்ள இடைவெளியைத் தலையணை நிரப்ப வேண்டும். கடைக்காரர் கேட்காத கேள்வி, அடியில் இருப்பது பாயா மெத்தையா என்பது. பாயில் தோள் அமிழாது, ஆகவே இடைவெளி அதிகம். ஃபோமில் தோள் உள்ளே போய்விடும், இடைவெளி சுருங்கும். அதே ஆளுக்கு மெத்தையில் தணிந்த தலையணை வேண்டும். நீங்களோ குழைகிற மெத்தையில் புசுபுசுத் தலையணை வைக்கிறீர்கள். தலை மேல்நோக்கி வளைந்தே இரவு முழுக்க இருக்கிறது. கழுத்து பிடிப்பதற்கு அதுவே பெரும்பாலும் காரணம்.

உடனே கடைக்குப் போகாதீர்கள். குளிக்கிற துண்டுகளை மடித்து அடுக்கி, ஒரு உறைக்குள் போட்டு, சுமார் 8 செ.மீ. உயரத்தில் தொடங்குங்கள். ஒருக்களித்துப் படுத்ததும் முன்பக்கமிருந்து அவரை ஒரு போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். மூக்கும் மார்பெலும்பும் ஒரே கோட்டில் இருந்தால் சரி. தலை மேலே தூக்கினால் ஒரு மடிப்பை எடுங்கள், கீழே தொங்கினால் ஒன்று சேருங்கள். மூன்று நாலு இரவில் உங்கள் அளவு தெரிந்துவிடும். அந்த அளவுக்கு இலவம்பஞ்சில் ஒன்று தைக்கச் சொல்லுங்கள், போடிநாயக்கனூர்ப் பஞ்சு தமிழ்நாடெங்கும் பேர்போனது. ஒரு ஓரத்தைப் பிரிக்கிற மாதிரித் தைத்தால் பிடி பிடியாகப் பஞ்சை எடுத்து உயரம் குறைக்கலாம். இலவம்பஞ்சை அப்படியே துவைத்தால் கட்டி தட்டிவிடும். உறையை மட்டும் துவைத்து, தலையணையை மாதம் ஒருமுறை நல்ல வெயிலில் திருப்பித் திருப்பிப் போட்டுத் தட்டி எடுங்கள். பழையது முன்னால் கட்டிக்கொள்ள இருந்தால் மேல்பக்கக் கை தொங்காது, தோளுக்கும் நல்லது. முழங்கால்களுக்கு நடுவே இன்னொன்று.

மெமரி ஃபோம் உடம்புச் சூட்டைப் பிடித்து வைக்கும். அதன்மேல் பிளாஸ்டிக் தடவிய வாட்டர்ப்ரூஃப் உறை இருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள். உங்கள் பாதியில் மூன்றுக்கு ஆறு கோரைப்பாயைப் போட்டு, மேலே பருத்தி விரிப்பு விரிக்கலாம். மெத்தையின் குழைவு முழுதும் போகாது, புழுக்கம் குறையும், பாய் வாசனையும் கிடைக்கும். குழைவும் போக வேண்டுமானால் ஆறுக்கு ஆறு மெத்தைக்குப் பதில் மூன்றுக்கு ஆறு மெத்தை இரண்டு: அவருக்கு ஃபோம், உங்களுக்குத் தேங்காய்நார். நார் மெத்தை உயரம் குறைவாக இருந்தால் அடியில் பிளைவுட் கொடுத்து மட்டம் பார்த்துக்கொள்ள வேண்டும். கட்டில் ஒன்றுதான், அத்தை கேட்கவும் எதுவுமில்லை. போர்வையும் ஆளுக்கொன்று. ஏ.சி.யை 24-க்கு ஏற்றிப் பாருங்கள். பாதம் சில்லிட்டிருந்தால் தூக்கம் தள்ளிப்போகும், சாக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் அவரிடம் எப்போது சொல்வது? படுக்கையறையில் வேண்டாம், ராத்திரியும் வேண்டாம். ஞாயிறு காலை டிபனுக்குப் பிறகு, "எனக்கு உங்கமேல ஒண்ணும் இல்ல, இந்த மெத்தை ஒத்துக்கல, ரெண்டு மாசம் ஒரு முறையைச் செஞ்சு பாக்கப்போறேன், ராத்திரி எழுந்து போனா கூப்பிடாதீங்க" என்று சொல்லுங்கள். அத்தைக்கு அவரே சொல்லட்டும். மருமகள் சொன்னால் அது புகாராகக் கேட்கும், மகன் சொன்னால் வெறும் செய்தி. தனியாகப் பாயில் படுப்பதில் தவறு எதுவுமில்லை. வீட்டில் எல்லோருக்கும் காரணம் தெரிந்த பிறகு, கட்டிலில் தூக்கம் படிந்த பிறகு, வெயில் காலத்தில் இருவருமே தரையில் படுக்கலாம்.

மாத்திரை வேண்டாம். தோழி சொல்வது அல்பிரசோலம் மாதிரி ஒன்றாக இருந்தால், அது மருத்துவர் சீட்டில்லாமல் விற்கவே கூடாத வகை, பழக்கமாகிவிடும். பெரியவர்களின் நாட்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்னால் இந்தப் பழக்கமாற்றச் சிகிச்சையைத்தான் தர வேண்டும் என்று 'அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி' என்ற மருத்துவர் சங்கம் 2016-இல் பரிந்துரைத்தது. ஆனால் பலத்த குறட்டை, தூக்கத்தில் மூச்சு நிற்பது, ராத்திரியில் கால்களை அசைத்தே ஆக வேண்டும் என்ற குடைச்சல், இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் மனம் ஒட்டாமை – இவற்றில் ஒன்று இருந்தாலும் முதலில் மருத்துவரைப் பாருங்கள். கால் குடைச்சலுக்கு, உடம்பின் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் ரத்தப் பரிசோதனை கேளுங்கள்.

நாளைக் காலையிலிருந்து ஒரு நோட்டில் ஐந்து கட்டம் போடுங்கள்: படுத்த நேரம், தூங்கியதாகத் தோன்றும் நேரம், இடையில் எழுந்த தடவை, காலையில் எழுந்த நேரம், தலையணையில் எத்தனை மடிப்பு. நிரப்புவது காலையில் காபியோடு, உத்தேசமாக. ராத்திரியில் அந்த நோட்டைத் திறக்கக் கூடாது. மூன்று வாரம் கழித்து அந்தக் கட்டங்களை எனக்கு அனுப்புங்கள், படுக்கும் நேரத்தை எவ்வளவு நகர்த்தலாம் என்று பார்ப்போம்.