புத்தாண்டு விடுமுறைக்கு அந்தமான்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: கல்லூரிக் கால நண்பர்கள் எட்டுப் பேர் டிசம்பர் 27 அன்று சென்னையிலிருந்து விமானத்தில் அந்தமான் சென்று, ஜனவரி 1 மாலை திரும்புவதாக இருக்கிறோம். ஹேவ்லாக், நீல், பாராடாங், திக்லிபூர் ஆகிய நான்கு இடங்களையும் பார்த்துவிட முடியுமா? புத்தாண்டு இரவை ஹேவ்லாக் கடற்கரையில் கழிக்க வேண்டும் என்பது அனைவரின் ஆசை. (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: நான்கையும் பார்க்க முடியாது. முயன்றால், விடுமுறையின் பெரும்பகுதி படகுத்துறையிலும் வண்டியிலுமாகக் கழிந்துவிடும். திக்லிபூர் வடக்கு அந்தமானின் கோடியில், தலைநகர் போர்ட் பிளேரிலிருந்து சாலை வழியாக ஏறக்குறைய 300 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. போவதற்கு ஒரு முழுப் பகல், வருவதற்கு ஒரு முழுப் பகல் வேண்டும். அங்குள்ள காளிப்பூர் கடற்கரையில் ஆமைகள் முட்டையிட வரும் பருவம் இதுதான் என்பதால் மனம் இழுக்கும். ஆனால் அதற்கென்று தனியாக இன்னொரு முறை போவதே நல்லது.

பாராடாங் ஏன் வேண்டாம் என்பதைக் கீழே மதுரை வாசகருக்கான பதிலில் சொல்லியிருக்கிறேன். ஹேவ்லாக்கும் நீலும் உங்களுக்குப் போதும். 2018 டிசம்பர் 30 முதல் இவற்றின் அரசுப் பெயர்கள் முறையே ஸ்வராஜ் தீவு, ஷஹீத் தீவு என்பதையும், 2024 செப்டம்பரில் போர்ட் பிளேருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்டதையும் நினைவில் வைத்துக்கொண்டால், பயணச்சீட்டில் ஊர்ப்பெயர் மாறியிருக்கிறதே என்று திகைக்க வேண்டியிருக்காது. போர்ட் பிளேரிலிருந்து ஹேவ்லாக், அங்கிருந்து நீல், நீலிலிருந்து மீண்டும் போர்ட் பிளேர் என்று முக்கோணமாகச் சீட்டு எடுத்தால் ஒரே கடல்வழியை இருமுறை கடக்கும் அலைச்சல் மிச்சம். தனியார் விரைவுப் படகுகள் ஒன்றரை முதல் இரண்டரை மணி நேரத்தில் ஹேவ்லாக்கை அடைகின்றன. அரசுக் கப்பல்களில் கட்டணம் குறைவு, ஆனால் தீவில் குடியிருப்பவர்களுக்கே முன்னுரிமை, அது நியாயமும்கூட. கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் இடைப்பட்ட வாரத்தில் எட்டுப் பேருக்கு ஒரே படகில் இடம் கிடைப்பது அரிது என்பதால், விமானச் சீட்டு உறுதியான அன்றே படகுச் சீட்டையும் எடுத்துவிட்டு, விடுதியைப் பிறகு தேடுங்கள். பலரும் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு அவதிப்படுகிறார்கள்.

புத்தாண்டு இரவைப் பற்றி ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். 31 இரவு ஹேவ்லாக்கில் தங்கிவிட்டு, மறுநாள் காலைப் படகை நம்பி அன்று மாலை விமானத்துக்குச் சீட்டு எடுக்காதீர்கள். வங்கக் கடலில் புயல் காலம் டிசம்பரிலும் நீடிக்கும். 2016 டிசம்பர் முதல் வாரத்தில், பிறகு வர்தா புயலாக உருவெடுத்த தாழ்வு மண்டலத்தால் படகுகள் நிறுத்தப்பட்டு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் ஹேவ்லாக்கிலும் நீலிலும் சிக்கிக்கொண்டனர். கடற்படைக் கப்பல்கள் சென்றுதான் அவர்களை மீட்டுவந்தன. மாதக் கடைசியில் வானிலை பெரும்பாலும் தெளிந்துவிடும் என்றாலும், படகு ஓடுமா என்பதைத் தீர்மானிப்பது கடல்தான். ஒன்று, 31 பிற்பகலுக்குள் போர்ட் பிளேர் திரும்பிவிடுங்கள்; அல்லது திரும்பும் விமானத்தை ஜனவரி 3க்குத் தள்ளிப்போடுங்கள். எட்டுப் பேரில் எவருக்கும் கூடுதல் விடுப்புக் கிடைக்காது என்றால், முதல் வழியே உங்களுக்கானது.

வெளிச்சத்தையும் கணக்கில் கொள்ளுங்கள். அந்தமான் நம் நாட்டின் கிழக்கு ஓரத்தில் இருந்தும் கடிகாரம் நம்முடையதே என்பதால், டிசம்பர் இறுதியில் காலை ஐந்தரை மணியை ஒட்டிப் பொழுது புலர்ந்து, மாலை ஐந்து மணி சுமாருக்கே சூரியன் மறைந்துவிடுகிறது. ஹேவ்லாக்கின் மேற்குக் கரையில் உள்ள ராதாநகர் கடற்கரையில் அந்திப் பொழுதைப் பார்க்க வேண்டுமானால் நான்கு மணிக்கே அங்கு இருக்க வேண்டும். பத்து மணிக்கு எழுந்து சோம்பல் முறிக்கும் நண்பர்கள் உங்கள் குழுவில் இருந்தால் (எந்தக் குழுவில்தான் இல்லை?) அவர்களிடம் இதை ஊரிலேயே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: நீச்சல் தெரியாதவர்கள் ஸ்கூபா (மூச்சுக் கருவியோடு கடலுக்குள் மூழ்குவது) செய்யலாமா? எங்கள் குழுவில் ஒருவருக்குச் சிறு வயது முதல் ஆஸ்துமா உண்டு. (வாசகி, திருச்சி)

பதில்: அறிமுக முழுக்கு என்பது பயிற்சியாளர் ஒருவர் உங்களைப் பிடித்தபடியே சில மீட்டர் ஆழத்துக்கு அழைத்துச் செல்வது, அதற்கு நீச்சல் தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. ஆஸ்துமா உள்ளவர் மட்டும் ஊரிலேயே தம் மருத்துவரிடம் கேட்டு, அவர் எழுத்தில் சம்மதம் தந்தாலொழிய இறங்கக் கூடாது. நீருக்கடியில் அழுத்தப்பட்ட காற்றைச் சுவாசித்துவிட்டு மேலேறும்போது, அடைபட்ட மூச்சுக்குழாய்க்குள் சிக்கிய காற்று விரிந்து நுரையீரலையே கிழித்துவிடக்கூடும். உடல்நலப் படிவத்தில் நண்பர்கள் முன்னால் கூச்சப்பட்டு "இல்லை" என்று எழுதுவதுதான் இதில் மிகப் பெரிய ஆபத்து. முழுக்குக்கும் விமானப் பயணத்துக்கும் இடையில் ஒரு முழு நாள் இடைவெளி இருக்கட்டும். முந்தைய இரவு மது அருந்தியவர்கள் கரையிலேயே இருக்கட்டும். ஜனவரி 1 காலையில் முழுக்குக்குப் பதிவு செய்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

கேள்வி: பாராடாங் செல்லும் வழியில் ஜாரவா பழங்குடியினரைப் பார்க்கலாம் என்று ஒரு முகவர் கூறுகிறார். உண்மையா? (வாசகர், மதுரை)

பதில்: அப்படிச் சொல்லி விற்கும் முகவரிடம் சீட்டு எடுக்காதீர்கள். அந்தமான் நெடுஞ்சாலை ஜிர்காடாங் சோதனைச் சாவடியிலிருந்து ஜாரவா காப்பகத்தின் ஊடாகச் செல்கிறது. குறித்த நேரங்களில் காவலர் துணையோடு, வரிசையாக மட்டுமே வண்டிகளை அனுமதிக்கிறார்கள். வழியில் நிறுத்துவதும், படம் எடுப்பதும், உணவு கொடுப்பதும் 1956ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறைப்படி குற்றம், சிறைத்தண்டனை உண்டு. வெளியுலக நோய்களுக்கு எதிர்ப்பாற்றல் இல்லாத மக்களின் வீட்டு வழியே நாம் போகிறோம் என்பதை மறந்து, அவர்களை வேடிக்கைப் பொருளாக்கும் வியாபாரம் வெட்கக்கேடானது. சுண்ணாம்புக் குகைகளையும் சேற்று எரிமலையையும் பார்க்கும் ஆர்வம் உள்ளவர்கள் போகலாம். ஆனால் முதல் வரிசையைப் பிடிக்க விடியலுக்கு வெகு முன்பே போர்ட் பிளேரிலிருந்து கிளம்ப வேண்டும். ஆறு நாள் விடுமுறையில் நான் இதைச் சேர்க்க மாட்டேன்.

கேள்வி: சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்ற தோழி ஒருத்தியும் எங்களுடன் வருகிறாள். தனி அனுமதி தேவையா? (வாசகி, புதுச்சேரி)

பதில்: இந்தியாவுக்கான விசா இருக்க வேண்டும். 2018 முதல் ஹேவ்லாக், நீல் உள்ளிட்ட முப்பது தீவுகளுக்குப் பெரும்பாலான வெளிநாட்டினர் முன்அனுமதி பெறத் தேவையில்லை. வந்து இறங்கியதும் பதிவு செய்துகொள்ள வேண்டும். நிக்கோபார் தீவுகள் சுற்றுலாவுக்குத் திறந்தவை அல்ல. அங்கே இந்தியச் சுற்றுலாப் பயணிகளும் நினைத்தபடி போய்விட முடியாது.

கேள்வி: எங்கள் குழுவில் மூவர் சைவம். சாப்பாட்டுக்கு என்ன செய்வது? (வாசகர், சேலம்)

பதில்: போர்ட் பிளேரில் கவலையே இல்லை, தமிழர்கள் பல தலைமுறைகளாக வாழும் ஊர், இட்லியும் சாம்பாரும் எளிதில் கிடைக்கும். ஹேவ்லாக்கில் குடியேறியவர்களில் பெரும்பாலோர் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்தவர்கள் என்பதால் கடைத்தெருவில் சோறும் மீன் குழம்புமே முதன்மை என்றாலும், பருப்பும் காய்கறியும் எங்கும் உண்டு. கையில் ரொக்கம் வைத்திருங்கள். சிறு கடைகளில் இணைய இணைப்பை நம்பியிருக்க முடியாது.

கேள்வி: ஆளில்லாத கடற்கரையில் இரவில் குளிக்கலாமா? சங்கு, பவளம் பொறுக்கி வரலாமா? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: இரண்டும் வேண்டாம். அங்கே உவர்நீர் முதலைகள் உண்டு. 2010இல் ஹேவ்லாக்கின் ராதாநகரை ஒட்டிய கடலில் அமெரிக்கப் பெண் ஒருவரை முதலை கொன்றது. எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்திலும், ஓடை கடலில் கலக்கும் இடத்திலும், பொழுது சாய்ந்த பிறகு எங்குமே, நீரில் இறங்காதீர்கள். பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பது. கரையில் செத்துக் கிடப்பதை எடுத்தாலும் குற்றமே. விமான நிலையச் சோதனையில் பெட்டியைத் திறக்கச் சொல்வார்கள், உங்களால் உடன் வந்தவர்களும் காத்துக் கிடப்பார்கள். சங்கு வேண்டுமானால் உரிமம் பெற்ற கடையில் வாங்கி, ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.