கிண்ணம் நெறைய தீனி இருக்கு, அப்புறம் ஏன் குஞ்சு வாடுது? - வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் சார். பொண்ணு பிறந்தநாளுக்காக, இப்ப நாலு நாள் ஆச்சு, ஒரு குட்டி பட்ஜி கிளி வாங்கினோம், மஞ்சள் கலர், அஞ்சு வாரம் ஆச்சுன்னு குடுத்தவங்க சொன்னாங்க. மொத ரெண்டு நாள் பயந்துக்கிட்டு ஒரு மூலையிலயே இருந்துச்சு, புது இடம் தானேன்னு விட்டுட்டோம். நேத்துல இருந்து இறகெல்லாம் உப்பிக்கிட்டு பந்து மாதிரி கூண்டுத் தரையிலயே உக்காந்திருக்கு, கண்ணு சொக்கி சொக்கிப் போகுது, சத்தமே இல்ல. எச்சம் கரும்பச்சையா கொஞ்சூண்டு, மீதி எல்லாம் தண்ணியா போகுது. தீனி கிண்ணம் நெறைய இருக்கு, தண்ணியும் மாத்தி மாத்தி வைக்கிறோம். ஒருத்தர் பால் குடுங்கறார், ஒருத்தர் ஆன்டிபயாடிக் பவுடர் தண்ணில கலந்து வைங்கறார், இன்னொருத்தர் துணியைப் போட்டு மூடித் தூங்க விடுங்க சரியாயிடும்ங்கறார். எதைக் கேக்கறதுன்னே தெரியல, பொண்ணு அழுதுட்டே இருக்கா.

பதில்: உங்க மெயில் வந்த அன்னைக்கே சுருக்கமா பதில் போட்டுட்டேன்மா, ஏன்னா இது அச்சாகி உங்க கைக்கு வர்ற வரைக்கும் அந்தக் குஞ்சு தாங்காது. இப்ப எழுதறது இதே நிலைமைல திண்டாடுற மத்தவங்களுக்கும் சேத்துதான்.

நான் மொதல்ல செய்யச் சொன்னது ஒரே ஒரு விஷயம். அந்த தீனி கிண்ணத்த கையில எடுத்து லேசா ஊதிப் பாருங்க. பட்ஜி தானியத்த அப்படியே முழுங்காது, அலகுல உருட்டி உமிய உரிச்சி உள்ள இருக்கறத மட்டும் தின்னுட்டு உமிய அதே கிண்ணத்துலயே போட்டுரும், மேல இருந்து பாத்தா கிண்ணம் நெறைய தீனி இருக்கற மாதிரியே இருக்கும், ஊதினா பாதிக்கு மேல பறந்துரும். உமி பறந்தா சரி, குஞ்சு சாப்பிட்டிருக்குன்னு அர்த்தம், நீங்க மேல மேல போடணும். உங்க வீட்ல நடந்தது இதுக்கு நேர் எதிர்: ஊதினப்ப ஒண்ணுமே பறக்கலைன்னு எழுதியிருந்தீங்க. அப்ப நாலு நாளா அது ஒரு தானியம் கூட உரிக்கல. அந்தக் கரும்பச்சை எச்சமும் அதத்தான் சொல்லுது.

எச்சத்த பத்தி கொஞ்சம் சொல்லணும், அருவருப்பு பாக்காதீங்க, பறவை வளக்கறவங்களுக்கு அதுதான் நியூஸ் பேப்பர். நல்ல எச்சத்துல மூணு பங்கு இருக்கும்: சாப்பாட்டுல இருந்து வர்ற பச்சையோ பழுப்போ கலந்த சுருள், அது மேல சுண்ணாம்பு மாதிரி வெள்ளை, சுத்தி கொஞ்சம் தெளிஞ்ச தண்ணி. புது வீட்டுக்கு வந்த பயத்துல மொத நாள் தண்ணியா போறது சாதாரணம், அதுக்குப் பதற வேணாம். ஆனா சுருளே இல்லாம ஒட்டுற மாதிரி கரும்பச்சை மட்டும் துளியூண்டு வந்தா குடல்ல சாப்பாடு இல்ல, பித்தம் மட்டும் எறங்குதுன்னு அர்த்தம். பட்டினி. அந்த வெள்ளைப் பங்கு மஞ்சளாவோ பச்சையாவோ மாறினா அது வேற கதை, கல்லீரல் பக்கம் சந்தேகம், அதை ரெண்டாவது கேள்வில சொல்றேன்.

ஏன் சாப்பிடல? பட்ஜி குஞ்சு சுமாரா அஞ்சு வாரத்துல தான் கூடு பெட்டிய விட்டு வெளிய வரும், வந்ததும் தானா சாப்பிடத் தெரியாது, அதுக்கப்புறமும் ஒரு வாரம் பத்து நாள் அப்பன் தான் ஊட்டும், அதைப் பாத்துப் பாத்து தான் உரிக்கக் கத்துக்கும். அந்த நடுவுல புடிச்சி வித்துட்டா குஞ்சு தீனிக்கு நடுவுலயே பட்டினி கெடக்கும். காக்டெயில்னு சொல்ற கொண்டை வச்ச கிளிக்கு இன்னும் நாள் புடிக்கும், 8 வாரம், 10 வாரம் கூட ஆகும். வயசு சந்தேகமா இருந்தா நெத்தியப் பாருங்க, கறுப்பு வரி மூக்கு வரைக்கும் வந்து கண்ணும் மொத்தமா கறுப்பா இருந்தா மூணு நாலு மாசத்துக்கு உள்ள தான் (உங்களது மாதிரி மஞ்சளுக்கு சில சமயம் வரியே தெரியாது, அதனால இத மட்டும் நம்பாதீங்க).

இப்ப என்ன பண்றது. மொத வேலை சூடு. பறவை உடம்பு சூடே 40 டிகிரிக்கு மேல, நமக்கு காய்ச்சல்னு சொல்ற அளவு அதுக்கு சாதாரணம். சாப்பாடு இல்லாத 30 கிராம் உடம்பு அந்த சூட்டைக் காப்பாத்தறதுக்கே எல்லா சக்தியையும் செலவழிக்கும், இறகை உப்பறது போர்வை போத்திக்கற மாதிரிதான். கூண்டோட ஒரு பக்கம் மட்டும் 29ல இருந்து 32 டிகிரி இருக்கற மாதிரி செய்யுங்க, பல்போ ஹீட்டிங் பேடோ எதுவா இருந்தாலும் பக்கத்துல ஒரு தெர்மாமீட்டர் வைங்க, கையால தொட்டுப் பாத்து முடிவு பண்ணாதீங்க. இன்னொரு பக்கம் சாதாரணமா இருக்கட்டும், சூடு அதிகமானா அதுவே நகர்ந்து போகணும்ல. றெக்கைய உடம்புல இருந்து தள்ளி வச்சிக்கிட்டு வாயத் தொறந்து மூச்சு வாங்குச்சுன்னா சூடு ஜாஸ்தி, உடனே கொறைங்க.

துணி போட்டு முழுசா மூடறது தப்பு. இருட்டுல பட்ஜி சாப்பிடாது, பட்டினில இருக்கறதுக்கு ராத்திரிய நீட்டிக் குடுக்கற மாதிரி ஆயிடும். காத்து அடிக்காம மூணு பக்கம் மூடுங்க, முன் பக்கம் வெளிச்சம் வரட்டும்.

பறவை உக்கார்ற பெர்ச் குச்சிய எல்லாம் கீழ எறக்கிருங்க. தரைல வெள்ளைப் பேப்பர் விரிச்சி தீனிய அது மேலயே தூவுங்க, தினைக் கதிர் கிடைச்சா அது காலடியில படற மாதிரி வைங்க, குஞ்சுங்க பெரும்பாலும் கதிருல தான் மொதல்ல கொத்திப் பழகும். தண்ணிய ஆழமில்லாத ஒரு டப்பா மூடில ஊத்தி வைங்க. நீங்க பக்கத்துல உக்காந்து வெரலால தட்டித் தட்டிக் காட்டினா கூட சிலது வந்து கொத்தும், சிரிக்காதீங்க, நெஜம்.

பால் வேண்டவே வேண்டாம், பாலை ஜீரணிக்கற அமைப்பு பறவைக்கு கிடையாது, வயிறு இன்னும் போகும். ஆன்டிபயாடிக் பவுடரும் வேணாம். சாப்பிடாத பறவை தண்ணியும் கொஞ்சமா தான் குடிக்கும், கசந்தா அதையும் விட்டுரும், எவ்ளோ மருந்து உள்ள போச்சுன்னு யாருக்கும் தெரியாது, அப்புறம் டாக்டர் டெஸ்ட் பண்ணாலும் ஒண்ணும் சரியா தெரியாமப் போகும். அதவிட முக்கியம், உங்க குஞ்சுக்கு வந்திருக்கறது பசி, பசிக்கு எந்த ஆன்டிபயாடிக் வேலை செய்யும்?

சிரிஞ்சுல ஃபார்முலா, அதான் குஞ்சுக்கு ஊட்டற மாவுக் கூழ், குடுக்கலாமான்னு கேப்பீங்க. குடுக்கத்தான் வேண்டியிருக்கும், ஆனா ஒரு தடவையாவது தெரிஞ்சவங்க குடுக்கறத பக்கத்துல நின்னு பாத்தப்புறம் குடுங்க. மூச்சுக் குழாய் வாசல் நாக்குக்குப் பின்னாடியே இருக்கு, அவசரத்துல பீச்சினா நேரா நுரையீரலுக்கு போயிரும், நேத்து வரைக்கும் பசில இருந்தது இன்னைக்கு நிமோனியால போயிடும். கலக்கறது 39, 40 டிகிரில இருக்கணும், ஆறிப் போனா கழுத்துக்குக் கீழ இருக்கற தீனிப் பைல அப்படியே தங்கிப் புளிச்சிரும், 43 தாண்டினா அந்தப் பையே வெந்துரும். மைக்ரோவேவ்ல சூடு பண்ணாதீங்க, மேல வெதுவெதுன்னு இருக்கும் நடுவுல கொதிக்கும்.

இதெல்லாம் டாக்டர்கிட்ட போற வரைக்கும் தாங்கறதுக்கு தான். நான் டாக்டர் இல்ல, 20 வருஷமா பறவை வளக்கற ஆளு, அவ்ளோதான். பறவை காட்டுல எதிரி கண்ணுல படாம இருக்க நோவ மறைச்சுப் பழகினது, நமக்கு தெரியற மாதிரி உக்காந்திருச்சுன்னாலே ரொம்ப நேரமாச்சுன்னு எடுத்துக்கணும், நாளைக்குப் பாப்போம்னு தள்ளக் கூடாது. ஒவ்வொரு மூச்சுக்கும் வாலு மேல கீழ ஆடினாலோ, வாயத் தொறந்து மூச்சு விட்டாலோ, நிக்க முடியாம சாஞ்சாலோ அந்த நிமிஷமே கெளம்புங்க. சின்ன அட்டைப் பெட்டில ஓட்டை போட்டு, சூட்டோட, தரைல விரிச்ச பேப்பர் எச்சத்தோடயே எடுத்துட்டுப் போங்க, டாக்டர் அத மைக்ராஸ்கோப்ல வச்சிப் பாப்பார். நாய் பூனை மட்டும் பாக்கறவரா பறவையும் பாக்கறவரான்னு போறதுக்கு முன்னாடி போன்ல கேட்டுக்கங்க. புடிக்கும்போது நெஞ்ச அழுத்தாதீங்க, நமக்கு இருக்கற மாதிரி உதரவிதானம் அதுக்கு இல்ல, நெஞ்செலும்பு முன்னாடி பின்னாடி அசைஞ்சா தான் மூச்சு.

என்னோட மொத குஞ்சு செத்தது கிண்ணம் நெறைய உமிய வச்சிக்கிட்டு தான். மூணு நாள் நான் அத தீனின்னு நெனச்சிட்டு இருந்தேன். அதனால தான் அந்த ஊதிப் பாக்கற விஷயத்த எல்லாரையும் புடிச்சி வச்சி சொல்லிக்கிட்டு இருக்கேன்.

இன்னொண்ணு, கிராம் காட்டற கிச்சன் தராசு ஒண்ணு வாங்கிருங்க. தெனமும் காலைல மொத எச்சம் போட்டப்புறம், தீனி வைக்கறதுக்கு முன்னாடி எடை போட்டு எழுதி வைங்க. 30 கிராம் பறவை 27 ஆச்சுன்னா பத்துல ஒரு பங்கு போச்சு, அது ரொம்ப பெரிய விஷயம், ஆனா இறகு மூடியிருக்கறதுனால கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது. தராசு இல்லாதப்ப நெஞ்சு நடுவுல வெரல வச்சிப் பாருங்க, எலும்பு கத்தி முனை மாதிரி தட்டுப்பட்டா சதை கரைஞ்சிருக்கு.

கேள்வி: அண்ணா, என்கிட்ட ஏற்கெனவே ரெண்டு காக்டெயில் இருக்கு, போன வாரம் புதுசா ஒரு சின்னது கொண்டு வந்து ஒரே கூண்டுல விட்டேன், நல்லா தான் பழகுதுங்க. இப்ப புதுசு தும்முது, மூக்கு ஓட்டைல ஈரம், ஒரு கண்ணு பாதி மூடியே இருக்கு. பழசுங்களுக்கு ஒண்ணும் இல்ல. பிரிக்கணுமா?

பதில்: தம்பி, இதப் படிச்சி முடிக்கறதுக்கு முன்னாடி பிரிங்க. ஒரே ரூம்ல ரெண்டு கூண்டு வைக்கறது பிரிக்கறது ஆகாது, இறகுத் தூசி பறக்கும், காக்டெயிலுக்கு அந்த வெள்ளைப் பவுடர் ரொம்ப ஜாஸ்தி, வேற ரூம் வேணும். எந்தப் புதுப் பறவையும் கொறஞ்சது 30 நாள், முடிஞ்சா 45 நாள் தனியா இருந்து தான் கூட்டத்துல சேரணும். தெனமும் பழசுங்களுக்கு மொதல்ல தீனி தண்ணி வச்சிட்டு கடைசியா புதுசுகிட்ட போங்க, திரும்பினதும் கைய சோப்பு போட்டு கழுவுங்க. கிண்ணத்தையும் மாத்திப் போடாதீங்க.

எப்பவாவது ஒரு காஞ்ச தும்மல் தப்பில்ல, தூசிக்கு நம்ம தும்மல் மாதிரி. மூக்கு ஈரம், கண்ணு வீக்கம், மேல சொன்ன மஞ்சப் பச்சை எச்சம் இதெல்லாம் சேந்தா கிளமிடியா சிட்டசி கிருமியான்னு டாக்டர் பாத்தே ஆகணும், சிட்டகோசிஸ்னு சொல்ற நோய். வெளிய நல்லா இருக்கற பறவையும் அத சுமந்துக்கிட்டு இருக்கும், எடம் மாறின அலைச்சல்ல தான் தலை காட்டும், அதனால மூணையும் சேத்தே டெஸ்டுக்கு எடுத்துட்டுப் போங்க. அதுதான்னு தெரிஞ்சா டாக்ஸிசைக்ளின்ங்கற ஆன்டிபயாடிக் வழக்கமா 45 நாள் குடுப்பாங்க, பத்து நாள்ல பறவை துள்ளி வெளையாடுதுன்னு நடுவுல நிறுத்திடாதீங்க. அந்த 45 நாள் முழுக்க கணவாய் ஓடு, கால்சியம் கட்டி எதையும் கூண்டுல வைக்கலாமான்னு டாக்டர்கிட்ட கேட்டுக்கங்க, கால்சியம் மருந்த உடம்புல சேர விடாது.

கேள்வி: பையன் புதுக் கிளிக்கு அலகுல முத்தம் குடுக்கறான், வேணாம்னா கேக்கறதில்ல. நமக்கு ஏதாவது ஒட்டுமா?

பதில்: மேல சொன்ன அதே சிட்டகோசிஸ் மனுஷனுக்கும் வரும். முத்தத்த விட எச்சம் காஞ்சி தூளாகி காத்துல பறக்கறத மூச்சுல இழுக்கறது தான் பெரும்பாலும் வழி. 1929-30ல இந்தக் கிளிக் காய்ச்சல் நிறைய நாடுகள்ல பரவி பெரிய பீதியே ஆச்சு, அப்ப மருந்து இல்ல, இப்ப இருக்கு, அதனால பயந்துட்டு கிளிய வெளிய விட்டுறாதீங்க. எச்சத்த காஞ்சப்புறம் பெருக்காதீங்க, தண்ணி தெளிச்சி நனைச்சி மாஸ்க் போட்டுக்கிட்டு தொடைங்க. பறவை கூட பழகி ஒண்ணு ரெண்டு வாரத்துல யாருக்காவது காய்ச்சல், கடுமையான தலைவலி, வறட்டு இருமல்னு வந்தா வீட்ல புதுப் பறவை இருக்குங்கறத டாக்டர்கிட்ட நீங்களா சொல்லுங்க, அவருக்கு அது தோணாது, சாதாரண காய்ச்சல்னே நெனப்பார். பையன தலையக் கோதி விடச் சொல்லுங்க, கிளிக்கும் முத்தத்த விட அது தான் புடிக்கும்.

கேள்வி: எங்க குட்டி பட்ஜி தலைய பின்னாடி திருப்பி முதுகுல புதைச்சிக்கிட்டு ஒரு கால்லயே நிக்குது. கழுத்து பெசகிருச்சா?

பதில்: தூங்குது. ஒரு கால்ல நிம்மதியா நிக்குதுன்னா நல்லா இருக்குன்னு தான் அர்த்தம், பகல்லயும் ரெண்டு கால்ல உப்பிக்கிட்டுத் தூங்கினா மட்டும் எழுதுங்க. இப்ப லைட்ட அணைங்க, அதுக்கு 10, 12 மணி நேரம் தூக்கம் வேணும்.