மே மாத வெயிலில் பிறந்தநாள் விருந்து: சிறிய ஓவனில் எதைச் செய்யலாம், எப்போது செய்யலாம்?

கேள்வி: வரும் மே மாதம் என் மகளுக்கு 6 வயது நிறைகிறது. பதினைந்து பிள்ளைகள் வருவார்கள். கேக், பிஸ்கட் எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்ய விரும்புகிறேன். 25 லிட்டர் ஓடிஜி (சிறிய மின்சார ஓவன்) ஒன்று இருக்கிறது. வருகிற பிள்ளைகளில் ஒரு குழந்தைக்கு முட்டை ஒவ்வாது. முன்பு தயிர் சேர்த்துச் செய்த கேக் நடுவில் குழிந்துவிட்டது. நன்றாக உப்ப வேண்டும் என்று சமையல் சோடாவைக் கூடுதலாகவே போட்டிருந்தேன். கடையில் விற்கும் நிறப்பொடிகளைச் சேர்க்கவும் மனமில்லை. என்ன செய்யலாம்?
— ஒரு வாசகி, திருச்சி

பதில்: பெரிய அடுக்கு கேக்கை இந்த முறை தவிர்த்துவிடுங்கள். முட்டையில்லாத கப்கேக், நெய் பிஸ்கட், பன் பீட்சா ஆகிய மூன்றும் உங்கள் ஓவனுக்கும், மே மாதத்து வெப்பத்துக்கும், பதினைந்து பிள்ளைகளின் பசிக்கும் பொருந்தும். இவற்றில் முதல் இரண்டையும் முன்கூட்டியே சுட்டு வைத்துவிடலாம் என்பதால், விருந்தன்று நீங்கள் அடுப்படியிலேயே நின்றுகொண்டிருக்க வேண்டியதில்லை.

உங்கள் கேக் ஏன் குழிந்தது என்பதை முதலில் புரிந்துகொண்டால் மற்றவை எளிதாகும். தயிரின் புளிப்பும் சோடாவும் சேர்ந்த உடனேயே கரியமில வாயு வெளிவரத் தொடங்குகிறது. ஓவனின் சூட்டில் அந்தக் குமிழ்கள் விரியும்போது, அவற்றைச் சுற்றியிருக்கும் மாவும் அதே வேளையில் வெந்து இறுகினால்தான் கேக்கின் உயரம் நிலைக்கும். சோடா அதிகமானால் குமிழ்கள் பெருத்து, மாவு இறுகுவதற்கு முன்பே உடைந்து, நடுப்பகுதி அமிழ்ந்துவிடும். தயிரின் புளிப்பு தீர்ந்த பின் எஞ்சும் சோடா கேக்குக்குச் சோப்பின் சுவையையும் தந்துவிடும். பெரிய டின்னில் ஓரம் முதலில் வெந்து, மையம் கடைசியாகத்தான் வேகும் என்பதால் இந்த ஆபத்து இன்னும் கூடுகிறது. கப்கேக்கில் ஓரத்துக்கும் மையத்துக்கும் இடையே அதிகத் தூரமில்லை. ஆகவே அது ஏறக்குறைய ஒரே நேரத்தில் வெந்துவிடும். முதன்முறையாகப் பலருக்குச் சுடுபவர்களுக்கு நான் கப்கேக்கையே பரிந்துரைப்பது இதனால்தான்.

12 கப்கேக்குகளுக்கு ஒன்றரை கப் மைதா (சுமார் 190 கிராம்), முக்கால் கப் சர்க்கரை (150 கிராம்), ஒரு கப் கெட்டித் தயிர், அரை கப் வாசனையில்லாத எண்ணெய், ஒன்றேகால் தேக்கரண்டி பேக்கிங் பவுடர், அரை தேக்கரண்டி சோடா, ஒரு தேக்கரண்டி வெனிலா எசென்ஸ், ஒரு சிட்டிகை உப்பு ஆகியவை போதும். தேக்கரண்டியைத் தலைதட்டி அளக்க வேண்டும். குவித்து எடுத்தால் மீண்டும் பழைய தவறே நேரும். பேக்கிங் பவுடர் டப்பாவைத் திறந்து பல மாதங்கள் ஆகியிருந்தால், அரை தேக்கரண்டியைச் சூடான தண்ணீரில் போட்டுப் பாருங்கள். உடனே பொங்கி நுரைக்காவிட்டால் புதிதாக வாங்கிவிடுங்கள்.

25 லிட்டர் ஓவனில் ஒரு முறைக்கு ஆறு குழித் தட்டு ஒன்றுதான் வசதியாக இருக்கும். எல்லா மாவையும் ஒரே நேரத்தில் கலந்துவிட்டால், முதல் தட்டு வேகும் இருபது நிமிடத்துக்குள் மீதி மாவிலுள்ள வாயு பெருமளவு வெளியேறிவிடும். இரண்டாவது தட்டு கேக் அமுங்கிப் போவதற்கு இதுவே காரணம். எனவே மைதா, உப்பு, பேக்கிங் பவுடர், சோடா ஆகியவற்றைச் சேர்த்துச் சலித்து ஒரு பாத்திரத்திலும், தயிர், சர்க்கரை, எண்ணெய், எசென்ஸ் ஆகியவற்றைச் சர்க்கரை கரையும் வரை அடித்து இன்னொரு பாத்திரத்திலும் தனித்தனியே வைத்துக்கொண்டு, ஒரு தட்டுக்குத் தேவையான பாதியை மட்டும் அவ்வப்போது கலந்துகொள்ளுங்கள். வெள்ளை மாவு கண்ணுக்குத் தெரியாமல் மறைந்தவுடன் கலக்குவதை நிறுத்திவிட வேண்டும். மேலும் மேலும் கலக்கினால் மைதாவிலுள்ள பசைத்தன்மை வலுத்து, கேக் ரப்பர்போல் ஆகிவிடும். பேப்பர் கப்பில் மூன்றில் இரண்டு பங்கு மட்டும் நிரப்பி, 15 நிமிடம் முன்கூட்டியே சூடாக்கிய ஓவனின் நடுத்தட்டில், மேல், கீழ்க் கம்பிகள் இரண்டும் எரிய, 180 டிகிரி செல்சியஸில் 18 முதல் 22 நிமிடம் வரை சுடுங்கள். முதல் 15 நிமிடத்துக்குக் கதவைத் திறக்கவே கூடாது. நடுவில் குத்திய பல்குச்சி ஈரமின்றி வந்தால் வெந்துவிட்டது என்று பொருள். ஓடிஜியின் வெப்பத்தை அமைக்கும் திருகு காட்டும் அளவும் உள்ளே இருக்கும் சூடும் பல நேரங்களில் ஒத்துப்போவதில்லை. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஓவன் வெப்பமானி ஒன்றை வாங்கி உள்ளே வைத்துப் பார்ப்பது நல்லது.

இந்த அளவை இருமுறை செய்தால் நான்கு பாதிகள் கிடைக்கும். மூன்றில் 18 கப்கேக்குகளைச் சுட்டுக்கொண்டு, நான்காவதை 15 சென்டிமீட்டர் விட்டமுள்ள சிறு டின்னில் ஊற்றி, 170 டிகிரியில் 30 நிமிடம் போலச் சுட்டு, மகள் கத்தி பிடித்து வெட்டுவதற்கான கேக்காக வைத்துக்கொள்ளலாம். மெழுகுவர்த்தியை அதன்மேல் ஏற்றாமல், அவளுக்கென்று ஒதுக்கிய ஒரு கப்கேக்கில் ஏற்றினால், ஊதும்போது தெறிக்கும் எச்சில் எல்லோரும் உண்ணும் கேக்கில் படாது.

நிறம் பற்றிய உங்கள் தயக்கம் நியாயமானது. 2024 பிப்ரவரியில் தமிழக அரசு பஞ்சுமிட்டாய் விற்பனைக்குத் தடை விதித்ததற்குக் காரணம், பரிசோதித்த மாதிரிகளில் ரோடமின்-பி என்னும் தொழிற்சாலைச் சாயம் காணப்பட்டதுதான். அனுமதிக்கப்பட்ட செயற்கை நிறங்களுக்கும் இந்தியாவில் பொதுவாக ஒரு கிலோ உணவுக்கு 100 மில்லிகிராம் என்ற உச்சவரம்பு உண்டு. வீட்டில் கைக்கணக்காகப் போடும்போது அதைக் கண்காணிக்க வழியில்லை. ஆனால் காய்கறி நிறங்களை மாவில் கலந்தாலும் நினைத்த பலன் கிடைக்காது. பீட்ரூட்டின் சிவப்பு ஓவன் சூட்டில் மங்கிப் பழுப்பாகிவிடும். மஞ்சள்தூள் சோடாவோடு சேர்ந்தால் செம்பழுப்பாக மாறும். சூட்டைத் தாங்குவது கேரட்டின் நிறம். நன்றாகத் துருவி அரை கப் சேர்க்கலாம். பீட்ரூட் சாற்றைச் சுண்டக் காய்ச்சி, ஆறிய பின் பொடித்த சர்க்கரையில் சில துளிகள் விட்டுக் குழைத்தால் அழகான இளஞ்சிவப்புப் பூச்சு கிடைக்கும். அந்தப் பூச்சை, முன்பே சுட்டு ஆறவைத்த பிஸ்கட்டின் மேல் தடவலாம்.

கப்கேக்கின் மேற்பூச்சுக்கு வெண்ணெய் க்ரீமைத் தவிருங்கள். திருச்சியின் மே மாதப் பிற்பகலில் அது வழிந்துவிடும். 200 கிராம் டார்க் சாக்லேட்டைப் பொடியாக நறுக்கி, ஓரத்தில் குமிழ் வரும்வரை சூடாக்கிய 100 மில்லிலிட்டர் ஃப்ரெஷ் க்ரீமை அதன்மேல் ஊற்றி, இரண்டு நிமிடம் விட்டுக் கலக்குங்கள். ஆறிய கப்கேக்கின் தலையை அதில் ஒருமுறை முக்கி எடுத்தால் போதும். ஃப்ரிட்ஜில் மூடிவைத்து, பரிமாறுவதற்கு அரைமணி நேரம் முன்பு வெளியே எடுத்து, அதன் பிறகு மூடியைத் திறந்தால் மேலே நீர் முத்துகள் கோக்காது. இது எண்ணெய் சேர்த்த கேக் என்பதால் குளிரில் இறுகிவிடாது. முந்தைய நாள் மாலையிலேயே தாராளமாகச் சுட்டு வைக்கலாம்.

நெய் பிஸ்கட்டை மூன்று நாட்களுக்கு முன்பே செய்துவிடுங்கள். ஒரு கப் மைதா, கால் கப் கடலை மாவு, அரை கப் பொடித்த சர்க்கரை, கால் தேக்கரண்டி பேக்கிங் பவுடர், சிறிது ஏலத்தூள், அரை கப் நெய் என்பது அளவு. மே மாதத்தில் நெய் உருகியே இருக்கும். அப்படியே பிசைந்தால் பிஸ்கட்டுகள் தட்டில் பரவி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நெய்யை ஃப்ரிட்ஜில் வைத்து வெண்ணெய்ப் பதத்துக்கு உறையவைத்த பின், சர்க்கரையோடு வெளுக்கும்வரை தேய்த்து, மாவைச் சேர்த்துப் பிசைந்து உருட்டி, உருண்டைகளையும் 20 நிமிடம் குளிரவிட்டுச் சுடுவதே சரியான வழி. 170 டிகிரியில் 15 முதல் 18 நிமிடத்தில் அடிப்பாகம் மட்டும் லேசாகச் சிவக்கும். மேலே வெளிறித்தான் இருக்கும். சூடாக இருக்கும்போது தொட்டால் உதிரும், ஆறினால்தான் இறுகும் என்பதை அறியாமல், வேகவில்லை என்று எண்ணி மீண்டும் ஓவனில் வைத்துக் கருக்கிவிடுபவர்கள் ஏராளம். முள்கரண்டியால் கோடு போடும் வேலையை மகளிடமே கொடுங்கள். ஆனால் முட்டை இல்லைதானே என்று பச்சை மாவைச் சுவைக்க விடாதீர்கள். வேகாத மைதாவிலும் நோய்க்கிருமிகள் இருக்கக்கூடும்.

முட்டை ஒவ்வாத குழந்தையின் பெற்றோரிடம் பால், கடலை, முந்திரி முதலியவை பற்றியும் ஒருமுறை கேட்டுவிடுங்கள். மேற்சொன்ன எல்லாவற்றிலும் பால் பொருள் இருக்கிறது. முன்பு முட்டை அடித்த கரண்டியையும் தட்டையும் சோப்பு போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவிய பிறகே பயன்படுத்துங்கள். வரும் பிள்ளைகளுடன் நான்கு வயதுக்குக் குறைந்த தம்பி தங்கைகளும் வருவார்களானால், முழு முந்திரி, முழுத் திராட்சை, கெட்டி மிட்டாய் ஆகியவற்றை அலங்காரமாக வைக்கக் கூடாது. அவை தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

விருந்தன்று எஞ்சியிருப்பது பன் பீட்சா மட்டுமே. குடமிளகாயையும் வெங்காயத்தையும் காலையிலேயே வதக்கி நீரை வற்றவைத்துவிட்டால், பன் நமத்துப் போகாது. பிள்ளைகள் வந்து விளையாடத் தொடங்கிய பின், குறுக்கே வெட்டிய பன்களில் சாஸ் தடவி, வதக்கிய காயையும் துருவிய சீஸையும் தூவி, 200 டிகிரியில் ஏழெட்டு நிமிடம் வையுங்கள். இனிப்புக்கு முன்பாக இதைப் பரிமாறினால் வயிறு ஓரளவு நிறைந்திருக்கும், கப்கேக்கும் வீணாகாது.