புதுச்சேரி குடோனும் த்ரீபிஎல் ஒப்பந்தமும்

அன்புள்ள ஐயா,

சரக்குக் கிடங்குகள் குறித்த உங்கள் கட்டுரையைப் படித்தேன். என் அப்பா புதுச்சேரியில் ஒரு சோப்பு நிறுவனத்துக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் சி அண்ட் எஃப் ஏஜெண்டாக (நிறுவனத்தின் சரக்கைக் காத்து அனுப்பும் முகவராக) இருந்தார். ஜிஎஸ்டி வந்த அடுத்த ஆண்டே ஒப்பந்தம் முடிந்துவிட்டது. இப்போது சென்னைக்கு அருகே ஒரு த்ரீபிஎல் (பிறர் சரக்கைக் காத்து அனுப்பும் மூன்றாம் தரப்பு லாஜிஸ்டிக்ஸ்) நிறுவனம் நடத்தும் கிடங்கிலிருந்து நேராகச் சரக்கு வருகிறது. லாரி ஆபீசுக்கு வைத்த புதுப் பெயர்தானா இந்த த்ரீபிஎல்? அப்பாவின் குடோன் காலியாகக் கிடக்கிறது. அதை இவர்களிடம் வாடகைக்கு விடலாமா?

ஒரு வாசகர், புதுச்சேரி

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் அப்பா தொழிலில் தோற்றுவிட்டார் என்று நினைக்காதீர்கள். சென்னையிலிருந்து மூன்று மணி நேரத்தில் வந்துவிடக்கூடிய ஊரில் அந்த நிறுவனம் தனியாக ஒரு டிப்போ வைத்திருந்ததற்குக் காரணம் தூரம் அல்ல, வரி. தமிழ்நாட்டிலிருந்து புதுச்சேரி வியாபாரிக்கு நேராக விற்றால் அப்போது மத்திய விற்பனை வரி இருந்தது. 2008 முதல் அது 2 சதவீதமாக இருந்தது. வாங்குபவர் தான் கட்டும் வரியில் அதைக் கழித்துக்கொள்ள வழியிருக்கவில்லை. சொந்தச் சரக்கைச் சொந்த டிப்போவுக்கு மாற்றினால் அது விற்பனை ஆகாது; அதற்குச் சான்றாக எஃப் படிவம் என்ற வரித்துறைப் படிவம் போதுமாயிருந்தது. ஆகவே நிறுவனங்கள் மாநிலத்துக்கு ஒரு டிப்போ வைத்தன. அங்கே சரக்கை இறக்கிக் காத்து, நிறுவனத்தின் பெயரில் பில் போட்டு, லாரி பிடித்து அனுப்பிக் கமிஷன் பெற்றவர்கள் உங்கள் அப்பாவைப் போன்றவர்கள். அதுவும் வெளியாரிடம் ஒப்படைத்த லாஜிஸ்டிக்ஸ்தான். 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்ததும் அந்த வரிக்காரணம் மறைந்தது, மாநில எல்லைகளில் வணிகவரிச் சோதனைச்சாவடிகளும் எடுக்கப்பட்டன. பல சிறு டிப்போக்கள் சேர்ந்து ஒரே பெருங்கிடங்காக மாறியது அதன் பிறகுதான்.

அமெரிக்காவிலும் இத்தொழில் பெருகியதற்குச் சட்டமே வழி திறந்தது. 1980இல் லாரிக் கட்டணத்தின் மீதான அரசுக் கட்டுப்பாடு தளர்ந்த பின்னரே, நிறுவனங்கள் போக்குவரத்தையும் கிடங்கையும் சேர்த்தே ஒருவரிடம் பேரம் பேசி ஒப்படைக்கும் வழக்கம் அங்கே பரவியது.

ஆனாலும் இது வெறும் பெயர் மாற்றம் அல்ல. தொண்ணூறுகளில் நான் ஒரு டிப்போவில் ஸ்டாக் கணக்கு எழுதியவன். ஒவ்வொரு அட்டியிலும் ‘பின் கார்டு’ என்ற இருப்புக் கணக்கு அட்டை நூலில் கட்டித் தொங்கும். வரவும் பற்றும் பென்சிலில் ஏறும். எந்த அட்டியின் அடியில் பழைய சரக்கு இருக்கிறது என்பது ஸ்டோர் கீப்பருக்கு மட்டுமே தெரியும். அவர் லீவு போட்ட நாளில் புதுச் சரக்கு முதலில் போய்விடும், பழையது காலாவதியாகித் திரும்பி வரும். அண்மையில் ஒரு த்ரீபிஎல் கிடங்குக்குள் போயிருந்தேன். ரேக்கில் ஒவ்வொரு கண்ணுக்கும் ஓர் எண் இருந்தது. பையன் கையிலிருந்த ஸ்கேனர் அடுத்து எந்தக் கண்ணுக்குப் போக வேண்டும் என்று சொன்னது. தவறான பெட்டியைத் தொட்டபோது ஒலி எழுப்பி நிறுத்தியது. முன்பு ஒரு மனிதரின் நினைவில் இருந்த கணக்கை இன்று சரக்குக்கு உரியவர் தன் அலுவலகத்திலிருந்தே பார்க்கிறார். இந்த மாற்றத்தை நான் மனமார வரவேற்கிறேன்.

வருந்துவது வேறொன்றுக்கு. நிறுவனம் த்ரீபிஎல்லிடம் கொடுக்கிறது, அவர் ஒரு டிரான்ஸ்போர்ட்டரிடம், அவர் ஒற்றை லாரி வைத்திருப்பவரிடம் விடுகிறார். கைமாறும்போதெல்லாம் வாடகை தேய்ந்து, கடைசியில் டிரைவரிடம் வந்து நிற்கிறது. நான் பார்த்த அந்தக் கிடங்கின் வாசலில், முந்தைய இரவே வந்த ஒரு டிரைவர் மறுநாள் மதியம் வரை டோக்கனுடன் காத்திருந்தார். குளிக்க இடமில்லை, காத்திருக்கும் நேரத்துக்கான ஹால்டிங் பணமும் கிடையாது என்றார். பெட்டி நின்ற நிமிடங்களை எண்ணும் அந்தக் கணினியில் அவர் நின்ற நேரத்துக்கு ஒரு கட்டம்கூட இல்லை. ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தால் தீரக்கூடிய அநீதி இது.

உங்கள் குடோனுக்கு வருகிறேன். பெருங்கிடங்குக்கு வேண்டிய உயரமும், லாரி பின்வாங்கி நிற்கும் மேடையும் ஊருக்குள் இருக்கும் பழைய குடோன்களில் பெரும்பாலும் இருப்பதில்லை. ஆனால் அன்றன்று வந்து, பிரிந்து, வீடுகளுக்குப் போகும் பார்சல்களுக்கு ஊருக்குள் சிறிய இடம் தேவைப்படுகிறது; அந்த வகையில் கேட்டுப் பாருங்கள். வாடகைக்கு மட்டும் விடுவதானால் ஒப்பந்தக் காலத்தையும், இடையில் காலி செய்தால் எத்தனை மாத நோட்டீஸ் என்பதையும் எழுதி வாங்குங்கள். அவர்கள் உங்களையே நடத்தச் சொன்னால், மாதத்துக்குக் குறைந்தபட்சம் இத்தனை பெட்டிக்குப் பணம் உண்டு என்ற உறுதி, எத்தனை நாளில் பில் பணம் வரும், சரக்குக் குறைந்தால் யார் பொறுப்பு ஆகிய மூன்றையும் கையெழுத்துக்கு முன் அப்பாவை உட்காரவைத்துப் படிக்கச் சொல்லுங்கள். இருபது ஆண்டு ஸ்டாக் பார்த்தவருக்கு எந்த வரியில் ஓட்டை இருக்கிறது என்று தெரியும்.