காது அடைத்தால் பொறுத்துக்கொள்ள வேண்டாம்

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது. சர்க்கரை நோயால் பாதத்தில் ஆறாத புண். அழுத்த அறையில் வைத்து ஆக்சிஜன் கொடுக்கிறார்கள். முதல் நாளே காது வலி. யாரிடமும் சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டார். இப்போது காது அடைத்திருக்கிறது, இனி போகமாட்டேன் என்கிறார். என்ன செய்யலாம்?
– வாசகி, சாட்ஸ்வர்த், டர்பன்

பதில்: மறுபடி அறைக்குள் போகுமுன் டாக்டர் அவருடைய செவிப்பறையைப் பார்க்கட்டும். சிவந்திருந்தால், பின்னால் ரத்தம் கட்டியிருந்தால், சில நாள் தள்ளிவைப்பார்கள். தலைசுற்றலோ திடீர்க் காது மந்தமோ இருந்தால் இன்றைக்கே காட்டுங்கள். உட்காதில் காயம் பட்டிருக்கலாம்.

ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து வான் ரீனன் கணவாயில் இறங்கும்போது காது அடைக்கிறதே, அதேதான் இதுவும். அழுத்தம் மட்டும் பல மடங்கு. வெளியே 1 வளிமண்டல அழுத்தம். அறைக்குள் 2.4 என்றால் கடலில் 14 மீட்டர் ஆழம். மூக்கின் பின்புறமிருந்து நடுக்காதுக்குப் போகும் குழாய் திறக்காவிட்டால் செவிப்பறை உள்ளே இழுபடும். தொல்லை பெரும்பாலும் ஆரம்பத்தில்தான். 1-லிருந்து 1.3-க்கு ஏறும்போதே நடுக்காதுக் காற்று கிட்டத்தட்ட கால்பங்கு சுருங்குகிறது, 2.1-லிருந்து 2.4-க்கு ஏறும்போது எட்டில் ஒரு பங்குதான். இருபுற அழுத்த வித்தியாசம் 90 மில்லிமீட்டர் பாதரசத்தை நெருங்கினால் குழாய் பூட்டிக்கொள்ளும், அப்புறம் விழுங்கினாலும் திறக்காது.

அதனால் வலிக்காகக் காத்திருக்கக் கூடாது. காற்று ஏறும் சத்தம் கேட்டதுமே மூக்கைப் பிடித்துக்கொண்டு எச்சில் விழுங்கட்டும். சில நொடிக்கு ஒருமுறை, அழுத்தம் முழுதாக ஏறி முடியும்வரை. குழாய் திறந்தால் காதுக்குள் 'க்ளிக்' என்று கேட்கும். போதவில்லையென்றால் வாயை மூடி, மூக்கைப் பிடித்து, மெதுவாக ஊதலாம். முகம் சிவக்க முக்கி ஊதவே கூடாது, உட்காதுச் சவ்வு கிழியக்கூடும். வீட்டிலேயே இதைப் பழகிக்கொள்ளட்டும். படுத்த நிலையில் குழாய் திறப்பது கடினம். தலைப்பக்கத்தை உயர்த்தித் தரச் சொல்லுங்கள்.

அப்படியும் அடைத்தால் உடனே கையைத் தூக்கட்டும். ஆபரேட்டர் ஏற்றத்தை நிறுத்தி, அழுத்தத்தைச் சற்று இறக்கி, காது திறந்தபின் மெதுவாக ஏற்றுவார். அவருக்கு அது அன்றாட வேலை. அப்பா கூச்சப்பட வேண்டியதில்லை. அழுத்தம் இறங்கும்போது ஊதவோ மூச்சை அடக்கவோ வேண்டாம், இயல்பாக மூச்சு விட்டால் போதும்.

சளி பிடித்த நாளில் முன்கூட்டியே போன் செய்து சொல்லிவிடுங்கள். மூக்கு ஸ்ப்ரே டாக்டர் சொன்னால் மட்டும், அரை மணி முன்பு. நாள்கணக்கில் தொடர்ந்தால் மூக்கு இன்னும் அடைக்கும். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் சளி மாத்திரையைத் தாமாகப் போடக் கூடாது.

இத்தனைக்கும் திறக்காத காதுக்கு, செவிப்பறையில் க்ரொம்மெட் என்ற சிறு குழாய் பொருத்துவார்கள். புண்ணுக்கு 30, 40 முறை போக வேண்டியிருப்பதால், தேவைப்பட்டால் தயங்காமல் பொருத்திக்கொள்ளலாம். அது இருக்கும்வரை குளிக்கும்போது காதில் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.