பன்றிக்கறி நாய்க்கு ஆகுமா?

கேள்வி: எங்கள் வீட்டில் நான்கு வயது லாப்ரடார் இருக்கிறது. ஞாயிறுதோறும் பன்றிக்கறி எடுப்போம். கடைக்காரர் நாய்க்கென்று கொழுப்பும் தோலும் சவ்வுமாக ஒரு பை இலவசமாகத் தருவார். மாமனார் அதைப் பச்சையாகவே போட்டுவிடுகிறார். பன்றிக்கறி தின்றால் நாய்க்குச் சொறி பிடிக்கும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். யார் சொல்வதைக் கேட்பது?
- வாசகி, கோத்தகிரி

பதில்: பக்கத்து வீட்டுக்காரரின் பயம் வீண். சொறியை உண்டாக்குபவை தோலில் குடியேறும் நுண்ணிய பூச்சிகள். உணவு ஒவ்வாமையால் அரிப்பெடுக்கும் நாய்களும் உண்டு. ஆனால் அதில் மாட்டிறைச்சி, பால், கோழி ஆகியவைதான் முன்னால் நிற்கின்றன. 2023-இல் முதுமலைக் காட்டுப்பன்றிகளைக் கொன்ற ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சலும் நாய்க்கு வராது.

மாமனாரைத்தான் தடுக்க வேண்டும். பன்றிகளுக்கு ஆஜெஸ்கி என்றொரு வைரஸ் நோய் உண்டு. வளர்ந்த பன்றி பெரும்பாலும் அதைத் தாங்கிக்கொள்ளும். பச்சைக்கறி வழியாக நாய்க்குத் தொற்றினால், முகத்தைப் பிறாண்டிப் புண்ணாக்கிக்கொண்டு ஓரிரு நாளில் செத்துப்போகும், மருந்து கிடையாது. அபூர்வம்தான், ஆனாலும் இலவசப் பைக்காக அந்த ஆபத்து எதற்கு? சால்மோனெல்லா போன்ற கிருமிகள் அவ்வளவு அபூர்வமும் அல்ல; நாய் நக்கும் குழந்தையின் கை வரைக்கும் வந்துவிடும். இன்னொன்று: கறியில் ஜவ்வரிசி போல வெள்ளைக் கட்டிகள் தெரிந்தால் அது நாடாப்புழுவாக இருக்கலாம். அந்தக் கறியை நீங்களும் சாப்பிட வேண்டாம்.

பையை வேகவைத்துப் போடலாமா என்று மாமனார் கேட்பார். கிருமி சாகும், கொழுப்பு எங்கே போகும்? ஒரே வேளையில் அவ்வளவு கொழுப்பு உள்ளே போனால் கணையம் வீங்கிவிடலாம். லாப்ரடாரோ போதும் என்று சொல்லத் தெரியாத இனம்.

கொடுப்பதானால் உங்கள் கறியிலேயே கொழுப்பில்லாத துண்டுகளாக எடுத்து, உப்பு, மசாலா சேர்க்கும் முன்பே தனியாக வேகவையுங்கள். உள்ளே சிவப்பு தெரியக் கூடாது. வெந்த நீரை ஃபிரிட்ஜில் வைத்தால் கொழுப்பு வெள்ளையாக மேலே உறைந்து நிற்கும். அதை வழித்தெறிந்துவிட்டுச் சோற்றில் ஊற்றலாம். முதல் நாள் நாலைந்து துண்டு போதும். குழம்பில் கிடந்த கறி வேண்டாம்: வெங்காயமும் பூண்டும் வெந்த பிறகும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வெந்த எலும்பு கூர்கூராக உடைந்து குடலைக் கிழிக்கும். சாசேஜ், பேக்கன் எல்லாம் உப்பு மூட்டை.

திரும்பத் திரும்ப வாந்தி எடுத்து, முன்கால்களைத் தரையில் நீட்டிப் பின்பக்கத்தை மட்டும் தூக்கி நின்றால் வயிற்றுவலி என்று பொருள். அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். நமக்கான வலி மாத்திரை எதையும் வீட்டில் கொடுத்துவிடாதீர்கள். பாராசிட்டமாலும் ஐபுபுரூஃபனும் நாய்க்கு நஞ்சு.